ஊட்டு

இது நடந்தது. எங்கே, யாருக்கு என்று கேட்டால் விரலை நீட்டியே காட்டுவேன். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்கு எதிர் பிளாக், கீழ்வீடு. பேய் என்றால் நானும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறவன்தான். ஆனால் அந்த வீட்டுச் சகாயம்மாளுக்குக் கதை கட்டத் தெரியாது. ஒரு கிளாஸ் சர்க்கரை கேட்டு வந்தால்கூட, திருப்பித் தர நாளாகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வாங்குவாள்.

அவள் புருஷன் ராயப்பனுக்குத் தொழிற்சாலையில் வெல்டர் வேலை. ஒரே பெண் ரீட்டா, ஆறு வயது. தொண்ணூறாம் வருஷத்து மழையில் மூளைக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் திறக்கும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். "ஊட்டுக்குப் போலாம்மா." டாக்டர் விடட்டும் கண்ணு, போகலாம் என்று சகாயம்மாளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசி நாள் காலையில் பிள்ளைக்கு அதைக்கூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. "ஊட்டு..." என்றது. அத்தோடு சரி.

பிள்ளையை உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவரவில்லையே என்ற ஒன்றுதான் அப்புறம் சகாயம்மாளை அரித்துத் தின்றது. யாரோடும் பேசுவதில்லை. சோறு தொண்டையில் இறங்குவதில்லை. கடல் காற்று பட்டாலாவது மனசு ஆறும் என்று ராயப்பன் மறு வருஷம் ஆகஸ்டில் எல்.டி.சி. பயணச் சலுகை போட்டு அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனார்.

மாதா திருவிழா நேரம். லாட்ஜெல்லாம் நிரம்பி வழிந்தது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்ன வீடு ஒரு வாரத்துக்குக் கிடைத்தது. நாமே சமைத்துக்கொள்ளலாம். பம்ப் ஸ்டவ், அரிசி, மிளகாய்த்தூள், ஊறுகாய் பாட்டில் என்று சகாயம்மாள் கட்டிக்கொண்டு வந்த மூட்டையைப் பார்த்து, ஆவடியையே பெயர்த்துவிட்டாயா என்று ராயப்பன் கேலி செய்தார். அவள் முறைத்தாள். அவள் முறைத்தே மாசக்கணக்கு ஆகியிருந்ததால் அவருக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்காரி மிக்கேலம்மாள். தனிக்கட்டை. பக்கத்துக் குடிசையில் இருந்தாள். சாவியைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"பொழுதடையும்போது ஒரு தட்டுல ஒரு கை சோறு அடுப்படியில வச்சிருங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

பூனைக்காக இருக்கும் என்று ராயப்பன் நினைத்தார். சகாயம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. வைத்தாள்.

காலையில் தட்டு காலி. ஆனால் பூனை நக்கிய மாதிரி இல்லை. குழம்பு காய்ந்திருந்த இடத்தில் கோடுகள்... சின்னச் சின்ன விரல்களால் வழித்த கோடுகள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அந்தத் தெருவில் ஒரு பூனையைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஊர் திரும்புகிற நாளுக்கு முந்தின சாயங்காலம். ராயப்பன் கோயிலுக்குப் போயிருந்தார். சகாயம்மாள் மீன் குழம்பை இறக்கி வைத்தாள். ஸ்டவ் இரைந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக் காற்றைத் திறந்துவிட்டாள்.

புஸ்ஸ்ஸ்...

சத்தம் அடங்கியது. அப்போதுதான் கேட்டது. ஸ்டவ் இரைச்சலுக்குள் அது இத்தனை நேரமும் பேசிக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"ஊட்டு..."

முதுகுக்குப் பின்னால். இடுப்பு உயரத்தில்.

"ஊட்டு... ம்மா..."

சகாயம்மாள் திரும்பவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பெற்ற வயிறு பயத்தை முந்திக்கொண்டது. திரும்பினால் போய்விடுமோ என்றுதான் நின்றாள். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வா கண்ணு. ஊட்டுக்குப் போலாம். அம்மா இட்டுகினு போறேன்."

அவள் விரலை ஏதோ பிடித்தது. ஈரமாக. சில்லென்று.

ரயிலில் ஜன்னலோரம் பாதி இடத்தை விட்டுவிட்டே உட்கார்ந்து வந்தாள். ராயப்பன் கேட்டதற்கு, ரீட்டா தூங்குகிறாள் என்றாள். அந்த மனுஷன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்.

ஆவடிக்கு வந்த மறுநாளே அவருக்கும் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரம். அடுப்படியில். "ஊட்டு..."

கடலே இல்லாத ஊரில், தரையில் உப்புப் பூத்த சின்னப் பாதங்கள். சகாயம்மாள் தட்டு வைத்தாள். காலையில் காலி. தட்டின் இந்தப் பக்கமும் விரல் கோடு, அந்தப் பக்கமும் விரல் கோடு. அவள் அதை அப்போது யோசிக்கவில்லை. அவளைத் தின்றது வேறு.

வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளை ஓயவில்லை.

"ஊட்டு... ஊட்டு..."

"ஊட்லதான கீறோம் கண்ணு," என்று தரையில் விழுந்து கெஞ்சினாள். "இத்தான் உன் ஊடு. இன்னும் எங்கடீ போணும்?"

"ஊட்டு..."

பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் வாசலில் மிக்கேலம்மாள் நின்றாள். ராயப்பன் கொடுத்திருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தாள். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன.

"நீங்க போன அன்னையிலேருந்து தட்டுல சோறு அப்படியே கெடக்கும்மா," என்றாள். "என் பிள்ளையக் காணல."

சகாயம்மாள் அடுப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். இது தன் பெண், ரீட்டா, வாயைத் திறந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்கிறாள் என்று கத்தினாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கேட்டது. "ஊட்டு..."

மிக்கேலம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பெண்ணின் பெயர் பிலோமி. தாய் கையால் ஊட்டினால்தான் அதற்குச் சோறு ருசிக்கும். ஒருநாள் மீன் வரத்து அதிகம். பிறகு ஊட்டுகிறேன் என்று இவள் கூடையோடு துறைக்கு ஓடினாள். பிள்ளை தட்டைத் தூக்கிக்கொண்டு தேடி வந்தது. தட்டு மட்டும்தான் கரையில் கிடைத்தது.

"அவ எங்கயும் கூட்டிட்டுப் போகச் சொல்லலம்மா," என்றாள். "சோறு ஊட்டச் சொல்லுதா."

ஒரே வார்த்தை. ஆவடிக்காரி காதில் அது வீடாக விழுந்துவிட்டது.

"அப்போ... எம் பொண்ணு இல்லியா?" என்று சகாயம்மாள் கேட்டாள். பிறகு அடுப்படிக்குள் போய்ச் சோற்றைக் கொண்டுவந்து மிக்கேலம்மாள் முன்னால் வைத்தாள். ஒரு தாய் வயிற்றை எரித்துத் தன் வயிற்றைக் குளிர வைக்க அவளால் முடியவில்லை.

மிக்கேலம்மாள் பிசைந்தாள். ஒரு கவளத்தை நீட்டினாள்.

கை காலியானது.

இன்னொரு கவளம்.

காலி.

"வா பிள்ள. நம்ம வீட்டுக்குப் போவோம்."

அவள் வெளியே நடந்தாள். சகாயம்மாள் கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள். காற்று அவள் சேலையை உரசிக்கொண்டு போனது. ஒரு தடவை. பிறகு... இன்னொரு தடவை.

வீடு அமைதியானது. ரீட்டாவை இரண்டாம் முறையாகப் புதைத்தது போல அன்று அவள் அழுதாள். எங்கள் வீடுவரைக்கும் கேட்டது.

அடுத்த வாரம் மேல்வீட்டு லோகநாயகி கூப்பிட்டாள். பிளாக்கிலேயே அவர்கள் வீட்டில்தான் போன் உண்டு. தூத்துக்குடியிலிருந்து பேசுகிறார்கள் என்றாள். சகாயம்மாள் மேலே ஓடிப்போய் ரிசீவரை வாங்கினாள்.

"பிலோமி வந்துட்டா தாயி," என்றாள் மிக்கேலம்மாள். "நானே ஊட்டுதேன். இப்ப அவ கேக்கிறதே இல்ல. ஆனா..."

கரகரவென்று இரைச்சல்.

"இன்னொரு குரல் கேக்கும்மா. வாசப்படிகிட்ட. உள்ள வரமாட்டேங்கு. ஊட்டுக்குப் போலாம்மா, ஊட்டுக்குப் போலாம்மான்னு அழுவுது. எங்க ஊர்ல வீட்ட யாரும் ஊடுன்னு சொல்ல மாட்டோமே..."

சகாயம்மாள் ரிசீவரை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சாப்ட்டாளா?"