சொல்லிக்கொள்ளாமல்

என் மகள் பிரான்சில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய பிரசவத்துக்காக மூன்று மாதம் அங்கே போய் இருந்தேன். அதற்கு முன், மலேசியாவில் எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானிலிருந்து நான் போன அதிகத் தூரம் பினாங்குதான். தோட்டத்து லயத்தில் பிறந்து, தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றபடியே வேலை பார்த்தவள். எதற்கும் லேசில் அசர மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு.

முதல் வாரமே மூக்குடைபட்டேன். ரொட்டிக் கடையில் வேண்டியதை விரலால் காட்டி நின்றேன். கடைக்காரப் பெண் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னால் வந்தவர் 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொன்னார், அவருக்கு உடனே ரொட்டி கிடைத்தது. பஸ்ஸில் ஏறினால் ஒரு வணக்கம், இறங்கினால் விடைபெறும் ஒரு சொல், டாக்டரிடம் காத்திருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் பொதுவாக ஒன்று என்று மகள் அன்றைக்குப் பாடம் நடத்தினாள். பக்கத்து வீட்டுக்குப் போவதென்றாலும் முதலில் போன் செய்து நாள் குறிக்க வேண்டுமாம். ரொட்டியைப் பையில் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்கு இதில் மட்டும் இத்தனை ஒழுங்கா என்று கேட்டுவைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

மருமகனின் தாயார், என் சம்பந்தியம்மா, வாரம் தவறாமல் வருவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. வந்ததும் என் கன்னத்தோடு கன்னம் வைப்பார், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. போகும்போதும் அதே போல. முதலில் கூச்சத்தில் நெளிந்தேன், பிறகு நானே கன்னத்தைக் கொடுக்கப் பழகிக்கொண்டேன். இருவரும் உட்கார்ந்து பேத்தியின் துணிகளை மடிப்போம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

பேத்தி பிறந்த ஐந்தாம் வாரம் அவருடைய கணவர் இறந்துபோனார். அடக்கம் செய்யவே ஒரு வாரம் ஆனது. அது முடிந்ததும் வீட்டில் எல்லோருக்கும் வைனும் தின்பண்டங்களும் கொடுத்தார்கள். யாரும் வாய்விட்டு அழவில்லை. இறந்தவரின் பழைய குறும்புகளைச் சொல்லிச் சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். கிளம்பும் நேரம் வந்ததும் எழுந்தேன். தலையைக் குனிந்தபடி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து காரில் உட்கார்ந்துகொண்டேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. மறுபடி இப்படி ஒன்றுக்கு வருகிறேன் என்று சொன்னதாக ஆகிவிடும். லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

வாசலில் சம்பந்தியம்மா ஒவ்வொருவரையும் கன்னம் வைத்து வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். என்னை நோக்கியும் முகத்தை நீட்டியிருக்கிறார். நான் அவரைத் தாண்டி நடந்திருக்கிறேன்.

அதோடு அவர் வருவது நின்றது. நம் வழக்கத்தை மகள் எடுத்துச் சொல்லியும் அவருக்கு மனம் ஆறவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவள் என்னைக் கெஞ்சினாள்.

"பஸ் ஓட்டுறவருகிட்டகூட சொல்லிட்டுத்தான் எறங்குவாங்கம்மா இங்க. புருஷன பொதைச்சிட்டு நிக்கிறவங்க மொகத்த நீங்க பாக்கக்கூட இல்ல."

"சாவு வீட்டுல யாராச்சும் சொல்லிட்டுப் போவாங்களா?" என்றேன். செய்யாத தப்புக்கு எதற்கு மன்னிப்பு? எனக்குப் பிடிவாதம் அதிகம். ஊர் திரும்பும் நாளிலும் அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது. பேத்தியின் பிறந்தநாள் வந்தால், நான் வீடியோவில் பேசி முடித்த பிறகுதான் அவர் கேக் வெட்ட வருவார். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழித்தவள் என் மகள்.

இந்த வருடம் என் கணவர் போய்விட்டார். செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். ஒரு நாள் காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எனக்கு உலகமே இருண்டுபோனது.

மூன்றாம் நாள் மகளும் மருமகனும் பிள்ளையோடு வந்து இறங்கினார்கள். கூடவே சம்பந்தியம்மா. போனும் செய்யவில்லை, நாளும் குறிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பாயில் என் பக்கத்தில் காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். மூட்டு வலிக்காரர். பகல் முழுக்க எழுந்திருக்கவில்லை. தஞ்சோங் காராங்கிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், பேசாமல் எழுந்து போனார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் அவர் கண்கள் வாசல்வரை கூடவே போய்த் திரும்பின. ஒருமுறை என் கையைப் பிடித்தார், பிறகு விடவே இல்லை.

மறுநாள் காலை அவருக்கு விமானம். சாயங்காலம் மருமகன் வந்து மெதுவாகக் கூப்பிட்டார். சம்பந்தியம்மா என் கையை விட்டார், சுவரைப் பிடித்து எழுந்தார், கைப்பையை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை இல்லை. தலையைக் குனிந்தபடி நடந்து வாசலைத் தாண்டினார். அப்படிப் போகும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை நான் வாசற்படி தாண்டக் கூடாது. எழுந்து வெறுங்காலோடு கேட்டுவரை ஓடினேன். அவர் திரும்பினார், பயந்துபோய்க் கையை அசைத்து என்னை உள்ளே போகச் சொன்னார். நான் அவர் கன்னத்தில் கன்னத்தை வைத்தேன், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இருவர் கன்னமும் நனைந்திருந்தது.

"போயிட்டு வாங்க," என்றேன். தாமானில் அத்தனை வீட்டாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே திரும்பியதும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "சாவு வீட்டுல யாராச்சும் வழியனுப்புவாங்களாலா?"

இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது அது.