குவைத்தில் புழுதி, கோலியர்ஸ் வுட்டில் ஏச்சு

தனக்குச் சொந்தமில்லாத வானத்தில் அடுத்தவருக்கு நேரம் குறித்துக் கொடுப்பதுதான் டிக்கெட் ஏஜெண்டின் தொழில். லண்டனில், கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனிலிருந்து நாலு நிமிட நடையில், பலசரக்குக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் கடை. இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறேன். இன்றுவரை ஒரு பாலைவனத்தையும் நேரில் கண்டதில்லை. ஆனால் வளைகுடாவில் எந்த மாதம் புழுதி கிளம்பும், எந்த மாதத்துக் காலைகளில் மூடுபனி ஓடுபாதையை மறைக்கும், சென்னையில் எப்போது வெள்ளம் ஏறும் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். லண்டனில் மழை வருமா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைப் பார்க்க நேரமில்லாமல் காயப்போட்ட உடுப்பு நனைந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்கிறவன் நான்.

நீங்களும் எப்போதாவது ஒரு ட்ரான்சிட் விமான நிலையத்தில் கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தால், இதைப் படிக்கும்போது என்மேல் கொஞ்சம் இரக்கம் வரலாம். கோபமும் வரலாம். இரண்டும் எனக்குப் பழக்கம்தான்.

ராகு காலம்

சட்டனில் இருந்து ஒரு ஐயா வருவார். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ராகு காலத்தில் கிளம்பாத விமானமாகப் பார்த்துத் தரவேண்டும் என்பார். வீட்டை விட்டு இறங்கும் நேரம், ஹீத்ரோவில் கிளம்பும் நேரம், குவைத்தில் மாறிக் கிளம்பும் நேரம், மூன்றுமே சுத்தமாக இருக்கவேண்டும். ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து அப்படியே பொருத்திக் கொடுத்தேன். எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

குவைத்தில் புழுதி கிளம்பியது. ஏற்றி உட்காரவைத்த விமானத்தை இரண்டு மணி நேரம் தரையிலேயே வைத்திருந்தார்கள். பிறகு, எந்த ஒன்றரை மணி நேரத்தை நான் பாடுபட்டுத் தவிர்த்தேனோ அதன் நட்டநடுவில் பறக்கவிட்டார்கள். அவர் திரும்பி வந்து கடைக் கதவைத் திறந்தபோது, நான் எழுந்து பின்பக்கம் போய்விடலாமா என்று யோசித்தேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பஞ்சாங்கத்தை நான் யாழ்ப்பாண நேரத்துக்குத்தான் பாத்தனான், தம்பி. குவைத்துக்கு ராகு காலம் வேற. பிழை என்ரதான்."

மெதுவாக ஓட்டலாமே

எல்லோரும் அவரைப்போல இல்லை. மோர்டனில் பஸ் ஓட்டும் ஒரு அண்ணை, புழுதியால் விமானம் எட்டு மணி நேரம் பிந்தும் என்று நான் போனில் சொன்னபோது அதை நம்பவே இல்லை. நான் ஏதோ ஒளிக்கிறேன் என்று நினைத்து நேரே கடைக்கு வந்துவிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பி குவைத்தின் சாட்டிலைட் படத்தைக் காட்டினேன். மஞ்சள் நிறத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தொழில் தெரிந்தவர் தெரியாதவனுக்குப் புத்தி சொல்லும் தோரணையில் சொன்னார்: "நாங்கள் மூடுபனிக்குள்ள பஸ் ஓடுறேல்லையே? லைட்டைப் போட்டுட்டு மெதுவா ஓடச் சொல்லுங்கோ."

நான் செய்த கெட்டித்தனம்

இனிச் சொல்லப்போவது ஒரே வாரத்தில் நடந்தது. அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் என்னால் கதிரையில் ஒழுங்காக இருக்க முடிவதில்லை.

என் பக்கத்து மேசையில் இருப்பவள் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை. படிக்க வந்து, இங்கேயே நின்று, மோர்டனில் சித்தி வீட்டில் இருந்து வேலைக்கு வந்துபோகிறாள். அவளுக்குக் கல்யாணம் சரிவந்தது. சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பூசை. அப்பா இல்லை. மன்னாரில் இருந்து அம்மா வரவேண்டும். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கல்யாணங்களில், கோயிலுக்குப் புறப்படும் முன் பெண் தாய் தகப்பன் முன்னால் முழங்காலில் நிற்பாள். அவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவார்கள். ஜெசி சீலையைப் பற்றியோ கேக்கைப் பற்றியோ கவலைப்படவில்லை. அம்மாவின் கை நெற்றியில் படவேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தன் வீட்டு ஆளுக்குத் தானே டிக்கெட் போடுவதில்லை. போட்டால் ஏதாவது இழுபடும் என்று ஒரு பயம். ஆகவே அந்த வேலை எனக்கு வந்தது. அம்மாவுக்கும் ஒரு ஆசை இருந்தது. மகன் அன்ரன் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஆறு வருடமாக ஊருக்கு வரவில்லை, தங்கச்சியின் கல்யாணத்துக்கு வர விசாவும் கிடைக்கவில்லை. போகிற வழியில் இறங்கி அவனைப் பார்க்கவேண்டும். விசிட் விசாவை அவன் எடுத்துவிட்டான். ஒரே டிக்கெட்டாகப் போட்டால் குவைத்தில் இடைவெளி இரண்டு மணி நேரம்தான் வந்தது. நான் அதை வெட்டி இரண்டு தனி டிக்கெட்டாகப் போட்டேன். புதன் காலை குவைத், அன்று பின்னேரம் லண்டன், நடுவில் ஒன்பது மணி நேரம் மகனோடு. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது விமானக்காரன் பொறுப்பெடுக்கமாட்டான் என்பது இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித்தரும் பாடம். எனக்குத் தெரியாததல்ல. ஒரு தாய்க்கு ஒன்பது மணி நேரம் எடுத்துக் கொடுத்த பெருமை கண்ணை மறைத்துவிட்டது. ஜெசி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஒன்பது மணித்தியாலம் காணும்தானே?" என்றாள்.

புதன்கிழமை

போதவில்லை. புதன் விடிய நான் போனைத் திறந்தபோது குவைத் மஞ்சளாகிவிட்டது. அம்மாவின் விமானத்தைச் சவுதியில் தம்மாமில் இறக்கி, உள்ளே இருந்தவர்களை அப்படியே உட்காரவைத்திருந்தார்கள். கடைக்கு வந்து இரண்டு கம்ப்யூட்டரையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றில் காற்றையும் மற்றதில் விமானத்தையும் பார்த்தேன். தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. மறுபடி போட்டேன். பின்னேரம் புழுதி கொஞ்சம் அடங்கியதும் முதலில் கிளம்பிய விமானங்களில் ஒன்று லண்டன் விமானம். அது போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்மா குவைத்தில் இறங்கினார். அவருடைய ஆசனம் வெறுமையாக லண்டனுக்குப் பறந்துகொண்டிருந்தது. அன்ரன் வந்து அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

ஜெசி கல்யாண வேலைக்காக லீவில் இருந்தாள். போனில் அவளிடம் சொல்ல நான் மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்தேன். கடைசியில் சொன்னபோது அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு ரிக்கெற்றா போட்டது பிழையெண்டு உங்களுக்கு நான் சொல்லவேணுமே, அண்ணை?" என்றாள்.

வேறு மண்

வியாழன் காலை லண்டனிலும் மழையோடு மண் விழுந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், வருடத்தில் ஒருதரம் இரண்டுதரம் காரெல்லாம் செம்மஞ்சளாகிவிடுமே, அது. கடைக்கு முன்னால் என் காரும் அப்படித்தான் நின்றது. குவைத் மண் என்னைத் தேடி இங்கேயே வந்துவிட்டது என்று நினைத்து, ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே நின்று ஆவேசமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். சரவணன் என்று ஒரு மலேசியக்காரர் அந்த வழியால் வேலைக்குப் போவார். பெரிய கம்பெனியில் எஞ்சினியர். என்ன அண்ணே காலையிலேயே என்று கேட்டார். நான் முழுக் கதையையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியில் இருந்த மண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, இது சஹாரா. உங்க ஆளை மாட்டிவிட்டது ஈராக் பக்கத்து மண்ணு. அனாவசியமா இதை ஏன் போட்டு இந்தத் தேய் தேய்க்கிறீங்க?"

ஒரு ஆசனம்

அன்று முழுக்க நான் வேறு ஒருவருக்கும் டிக்கெட் போடவில்லை. சிக்கிக்கொண்ட ஆயிரம் பேர் அதே ஆசனங்களுக்கு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். திரையைப் புதுப்பிப்பதும், எழுந்து வாசல்வரை போவதும், திரும்பி வந்து புதுப்பிப்பதுமாக இருந்தேன். பதினொரு மணியளவில் ஒன்று கிடைத்தது. அன்று பின்னேரமே கிளம்பலாம். அம்மாவின் பெயரில் பிடித்துவைத்துவிட்டு, அன்ரனின் நம்பருக்கு அடித்தேன்.

அம்மாதான் எடுத்தார். பின்னால் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது. சொன்னேன். அடுப்பை அணைத்தார். பிறகு வேறு விமானம் இருக்கிறதா என்று கேட்டார். வெள்ளி இரவு ஒன்று இருக்கலாம், சனி காலை ஏழு மணிக்குத்தான் இறங்கும், அதுவும் புழுதி விட்டால்தான் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, குறை நினைக்காதேங்கோ. புழுதியால சைட்டைப் பூட்டிப் போட்டாங்கள், அன்ரன் வீட்டில நிக்கிறான். நாளைக்கு வெள்ளி, இஞ்ச லீவு. ஆறு வருசத்துக்குப் பிறகு பிள்ளைக்குச் சோறு போட்டுக் குடுக்கிறன். வெள்ளி இரவையே போடுங்கோ. ஜெசிக்குச் சொல்லாதேங்கோ."

நான் பிடித்த ஆசனத்தை விட்டேன். அது கண் முன்னே யாரோ ஒருவருக்குப் போனது. அரை மணி நேரத்தில் ஜெசி போன் அடித்தாள், வியாழனுக்கு ஒன்றுமே இல்லையா என்று கேட்டாள். ஒன்றுமே இல்லை என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் வாடிக்கையாளருக்கு நான் சொல்லாத பொய் இல்லை. ஆனால் பக்கத்து மேசைக்குச் சொன்னது அதுதான் முதல்தரம்.

இரண்டு மணிப் பூசை

வெள்ளி இரவு விமானம் ஐந்து மணி நேரம் பிந்தியது. காரணம் கேட்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சனி பன்னிரண்டு மணிக்கு ஹீத்ரோவில் இறங்கியது. வாசலில் நான் கோட்டும் டையுமாக நடந்த நடைக்கு மோர்டனுக்கே போயிருக்கலாம். அம்மா வெளியே வர ஒன்று பத்து. நீலச் சேலை, ஸ்வெட்டர், ஒரு கைப்பை. காரில் ஏறியதும் ஜெபமாலையை எடுத்தார். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். பேசினால் ஏதாவது கடுமையாகச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. ட்ராஃபிக் நின்றபோதெல்லாம் அவர் கை மட்டும் வேகமாக மணி உருட்டியது. ஒருமுறை என் பக்கம் திரும்பி, பிள்ளை கோபமாக இருக்கிறாளா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தலையாட்டினார்.

நாலு மணிக்கு அதே கோயிலில் வேறொரு கல்யாணம். இரண்டேகாலுக்கு மேல் பொறுக்க முடியாது என்று சுவாமியார் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் போய்ச் சேர இரண்டு இருபத்தைந்து. மாப்பிள்ளை உள்ளே பீடத்தடியில் நின்றான். ஜெசி உள்ளே போகாமல், வெள்ளைச் சேலையோடு கோயில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். சித்தி எத்தனை தரம் இழுத்தும் அசையவில்லையாம். அம்மாவைக் கண்டதும், சனம் செருப்புத் துடைக்கிற அந்தக் கம்பளத்திலேயே முழங்காலில் இருந்தாள். அம்மா நெற்றியில் சிலுவை போட்டார். ஒருதரம் போதும், அவர் மூன்று தரம் போட்டார். நான் அழுதேன் என்பதை மறைக்க இனி வயதில்லை. சுவாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதைக் கழற்றி அங்கிக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "அம்மா வந்திட்டா. இனிப் பிந்தினா அதுக்கு நான் பொறுப்பு."

பதிவு

மூன்று வாரம் கழித்து ஜெசி வேலைக்குத் திரும்பி வந்தாள். முதல் வேலையாக அம்மாவின் திரும்பும் பயணத் தேதியை மாற்ற அவருடைய பதிவைத் திறந்தாள். வழக்கம் கிழக்கம் ஒன்றையும் பார்க்கவில்லை, தானே திறந்தாள். எங்கள் சிஸ்டத்தில் ஒரு குணம் உண்டு. யார் எப்போது ஆசனம் பிடித்தார், எப்போது விட்டார் என்பதெல்லாம் வரிசையாக அதில் நிற்கும். அவள் கை நின்றுபோனது. வியாழன் பதினொன்று ஐந்துக்குப் பிடித்தது, பதினொன்று பதினாறுக்கு விட்டது, பக்கத்தில் என் பெயரெழுத்து.

நான் குவைத் காற்றைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்தேன். ஜெசிக்குச் சொல்லவேண்டாம் என்று அம்மா கேட்டது ஞாபகம் இருந்தது.  அவள் என்னைக் கேட்காமலே, நான் ஆசனத்தைச் சும்மா விடுகிற ஆளில்லை என்பது தனக்குத் தெரியும், அம்மாதான் வேண்டாம் என்றிருப்பார் என்றாள். கல்யாணத்தன்று காலையில் தான் அழுத அழுகை அம்மாவுக்குத் தெரியாது, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். லண்டனிலிருந்து குவைத், அங்கே இரண்டு நாள், பிறகு கொழும்பு. "வெள்ளி, சனி பாத்துப் போட்டிருக்கிறன், அண்ணை. ரெண்டு நாளும் அன்ரன் அண்ணாவுக்கு லீவு. இனி மகனோட நிக்க அம்மா புழுதிக்கு நேர்த்தி வைக்கத் தேவையில்லை."

புழுதி அடித்தால் ஏச்சு எனக்கு, ஆள் வந்து சேர்ந்தால் நன்றி மாதாவுக்கு என்பதுதான் இந்தத் தொழிலின் நடைமுறை என்றாலும், அந்த வாரம் இரண்டுமே புழுதிக்குப் போயிருக்கவேண்டியவை.