அவஸ்தை எண்ணெயும் கடைசி வரியும்

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என் கையில் ஒரு தாளைத் திணித்தார். கருணைக்கொலையைச் சட்டமாக்கக் கூடாது என்று அரசுக்குப் போகும் மனு. சென்னையை அடுத்த கோவளத்தில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்கு நான்தான் பொறுப்பாளர். உயிர் கடவுள் கொடுத்தது, எடுக்க நாம் யார் என்று வீடு வீடாகப் போய் முழங்கினேன். எனக்கே என் குரல் பிடித்துப்போயிற்று. இரண்டே நாளில் தாள் நிரம்பியது. கடைசி வரியை மட்டும் அப்பாவுக்காக விட்டுவைத்திருந்தேன்.

அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. அம்மா இல்லாததால் எல்லாம் என் கையால்தான். தாளைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“ரெண்டு வருசம் இந்தக் கட்டில்ல படுத்துப் பாரு. அப்பால கையெழுத்து கேளு.”

பொறுப்பாளர் வீட்டிலேயே கையெழுத்து விழவில்லை என்றால் தெரு சிரிக்காதா? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் சட்டை செய்யவில்லை. மறுநாள், சாமியாரைக் கூப்பிட்டு அவஸ்தை எண்ணெய் பூசச் சொல் என்றார்.

நோயாளிக்குத் தெம்பு வரட்டும் என்றுதான் அதைப் பூசுவது. சாமியார்கள் தொண்டை வறளச் சொல்லியும் எங்கள் தெரு கேட்பதில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆள் அனுப்புவோம். ஆகவே எண்ணெய் பூசிக்கொண்டு யாரும் பிழைத்ததில்லை. அம்மாவும் அரை மணி நேரத்தில் போய்விட்டாள். அப்பா யோசித்திருக்கிறார்: சாக ஊசி போடத் திருச்சபை ஒப்பாது, எண்ணெய்க்கு மறுக்காது.

சாமியார் வருவதைப் பார்த்ததும் தெருவே வாசலில் கூடிவிட்டது. பந்தல்காரர் கண்ணாலேயே அளவெடுத்தார். அப்பா முகம் மழித்து, புது வேட்டியில், கைகளை மார்பில் கோத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பூசியாயிற்று. காத்திருந்தோம். ஒரு மணி நேரம் போனதும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அப்பா ஒரு கண்ணைத் திறந்தார். “இன்னும் கீறனா?”

“கீற நைனா.”

“நாஸ்தா இன்னா கீது?”

நான்கு இட்லி உள்ளே போனது. சாவதற்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சாவ ஆசையில்லடா. தெனம் காலைல துணி மாத்தசொல்ல ஒரு பெருமூச்சு வுடுற பாரு, அதக் கேக்க முடியல. அத நிறுத்து, கையெழுத்து போடறேன்.”

தெருவெல்லாம் என் குரலையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெருமூச்சு என் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. இனி விடமாட்டேன் என்றேன். அப்பா தாளை வாங்கிக் கடைசி வரியில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை துணி மாற்றி முடியும்வரை மூச்சை அடக்கிக்கொண்டேன். அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு வுடுடா,” என்றார். “எனுக்கு முன்னால நீ பூடப் போற.”