வெல்டிங் மேல் தடவிய எண்ணெய்

நான் உப்பளத்தில் வெல்டராக இருந்தேன். உவர்நீர் இறைக்கும் இன்ஜினின் ஸ்டாண்டு, பைப்பு, தள்ளுவண்டிச் சட்டம், எது உடைந்தாலும் என்னிடம் வரும். மரக்காணத்துக் காற்றில் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது. விடிந்தால் பற்றவைத்த இடம் துருவேறிச் சிவந்திருக்கும். அதனால் வெல்டிங் முடிந்து, மேலே உறைந்த கசடைத் தட்டியதும், பழைய இன்ஜின் ஆயில் தோய்ந்த துணியால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

சுனாமிக்கு மறு வருஷம் உப்பளத்தில் வேலை குறைந்தது. மஸ்கட் கம்பெனி ஒன்றுக்கு வெல்டர் எடுக்கிறார்கள், சென்னையில் டெஸ்ட், பாஸானால் குடும்பத்துக்கும் விசா என்றார் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட். அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான், பெரியவளே, உங்கள் அம்மா சம்மதித்தாள்.

"தனியா போறதுன்னா பேச்சே வேணாங்க. போனா நாலு பேரும் போவலாம்."

திண்டிவனம் ஸ்டுடியோவில் எல்லாருக்கும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்தோம். உன் தம்பி கண்ணை மூடிக்கொண்டே இருந்தான். "டேய், அங்க போயி தூங்கிக்கலாம், இப்ப முழி" என்றார் போட்டோக்காரர்.

டெஸ்டில் இரண்டு தகடுகளை ஒட்டச் சொன்னார்கள். எனக்கே திருப்தியாக வந்தது. கசடைத் தட்டினேன். உடனே பையிலிருந்த துணியை எடுத்துத் தடவியும் விட்டேன். யோசிக்கவே இல்லை.

சோதிக்க வந்தவர் நின்றுவிட்டார். "இன்னாய்யா பண்ண?"

"துரு ஏறக் கூடாதுன்னுதான் சார். எங்க ஊர்ல அப்படித்தாங்க."

"ஆயில் உள்ள எறங்கிட்டா, விரிசல் இருக்குதான்னு மருந்து ஊத்திப் பாக்க முடியாதுய்யா. விரிசல மறைக்கிறவன்தான் இந்த மாதிரி பூசுவான். நீ அந்த ஆளு இல்லன்னு தெரியுது. ஆனா நான் ஃபெயில்னுதான் போடணும்."

இன்னொரு தகடு கேட்டேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். வரிசையில் நின்ற ஒருவன், "ஏம்பா, எண்ணெ தேச்சியே, தலைவாரி பூ வெக்கலையா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அப்புறம் ஏஜென்ட் வேறொன்று சொன்னார்: ஹெல்பர் வேலை, டெஸ்ட் கிடையாது, குடும்பத்துக்கு விசாவும் கிடையாது. அம்மாவிடம் சொன்னேன். அந்த மழைக்காலம் முழுக்க எனக்கு வேலையே இல்லை. ஒருநாள் சோறு வடித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "போயிட்டு வாங்க. அங்க வெல்டர் ஆனதும் எங்கள கூப்பிடுங்க."

போனேன். அங்கே வெல்டர் ஆவதற்கு வருஷங்கள் பிடித்தன. ஆனதும் முதல் வேலையாகக் கூப்பிட்டேன். பெரியவளே, நீ அப்போது பத்தாவது. "பரீட்சை முடியட்டும்பா" என்றாய். நியாயம்தான் என்று போனை வைத்தேன். பரீட்சை முடிந்தது. அடுத்து தம்பியின் படிப்பு, அவன் ஒன்பதாவதுக்குப் போனான். அதற்குப் பிறகு நானும் கூப்பிடவில்லை, நீங்களும் வருகிறோம் என்று சொல்லவில்லை.