சுகந்தி அக்காவின் பாதி

2006, ஏப்ரல் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு வுப்பர்டாலிலிருந்து தவராசா அண்ணையின் காரில் புறப்பட்டோம். நான் முந்தைய நாள் மாலையே எர்லாங்கனிலிருந்து ரயிலில் வந்திருந்தேன். ஐஃபல் மலைப்பகுதியில், பிளாங்கன்ஹைம் என்ற சிற்றூரை ஒட்டிய ஒரு காட்டுக்குப் போகிறோம். ஏறத்தாழ நூற்றுப்பத்துக் கிலோமீட்டர். தேடிப் போவது மோர்கெல் என்ற காட்டுக் காளானை. வசந்தத்தில் சில வாரங்கள் மட்டுமே முளைக்கும். ஒரு சின்னத் தேன்கூட்டை வெள்ளைக் காம்பின்மேல் கவிழ்த்து வைத்ததுபோல் இருக்கும்.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், நான் திருநெல்வேலிக்காரன். ஜெர்மனிக்கு வந்த முதல் வருடம் அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் மனைவி சுகந்தி அக்கா ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு கூடை மோர்கெல் கொண்டுவந்து, மிளகுத்தூள் போட்டுப் பிரட்டுவார். அந்த வருடம் எனக்கும் ஒரு தட்டில் தந்தார். போன மார்கழியில் புற்றுநோயில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. "அவ போற காட்டை ஒருக்காப் பாக்கோணும், தம்பி. தனியப் போக ஏலாது" என்று அண்ணை தொலைபேசியில் கேட்டபோது என்னால் மறுக்க முடியவில்லை.

கொலோனைத் தாண்டியதும் மழை தூறியது.

"இடம் உங்களுக்குத் தெரியும்தானே, அண்ணை?"

"கார் விடுற இடம் தெரியும். அங்கால தெரியாது. நான் காருக்குள்ள இருந்து பேப்பர் வாசிப்பன். உங்களுக்கு முழங்கால் ஏலாது, இருங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவா. 'இது என்ர டெர்மின், எனக்கு மட்டும் குறிச்ச நேரம்' எண்டு சிரிப்பா. நானும் ஒரு நாள்கூடப் பின்னால போகேல்லை."

ஒன்பது மணிக்குக் காட்டோரம் காரை நிறுத்தினோம். தூறல் விட்டிருந்தது. சுண்ணாம்புக்கல் துருத்திய சரிவு. இன்னும் இலை விடாத மரங்கள். தரையெங்கும் வெள்ளைப் பூக்கள். அக்காவின் கூடையை அண்ணையே தூக்கிக்கொண்டார். பாதையின் இரு பக்கமும் குனிந்து குனிந்து தேடினோம். ஈர இலைகளும் பாசியும்தான் தட்டுப்பட்டன. ஒவ்வொரு மேட்டிலும் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இதால வந்திருப்பாவோ?" என்பார். மதியம் நெருங்கியபோது, "திரும்பிடலாமா, அண்ணை?" என்று கேட்டேன். அவர் ஓடையை நோக்கி இறங்கினார்.

ஓடைக்கு அப்பால் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதன் இடப்பக்கம் முழுவதும் கத்தியால் அறுத்த வெள்ளைக் காம்புகள். வலப்பக்கம் மோர்கெல்கள் அப்படியே நின்றன. சில முற்றி, நுனி கறுத்துச் சுருங்கத் தொடங்கியிருந்தன. யாரோ பாதியை மட்டும் பறித்து, மீதியைத் தொடாமல் விட்டிருந்தார்கள். அண்ணை கைநீட்டிக் குனிந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் ஜெர்மனில் தடுத்தது.

"தயவுசெய்து அந்தப் பக்கம் எடுக்காதீர்கள். அது வேறொருவருக்கு உரியது."

மழைக்கோட்டு அணிந்த ஒரு ஜெர்மன் பெண்மணி. அறுபது வயதிருக்கும். அண்ணை அவரையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்கு?"

"சுகந்திக்கு. இரண்டு பேரும் ஒரே நாளில் இந்த இடத்தைக் கண்டுபிடித்தோம். முதலில் சண்டை, பிறகு சிநேகம். இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு. போன வாரம் என் பங்கை எடுத்தேன். அவளுடையது இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வந்தேன்."

"நான் சுகந்தியின் கணவன்" என்றார் அண்ணை. அதற்குமேல் ஜெர்மன் வரவில்லை. என்னைப் பார்த்தார். அக்கா இறந்ததை நான்தான் சொன்னேன்.

ஹில்ட என்ற அந்தப் பெண்மணி மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "தூரத்தில் வரும்போதே அவள் பாட்டுக் கேட்கும். இன்றைக்கும் காது கொடுத்துக்கொண்டேதான் வந்தேன்" என்றார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "பாட்டோ? சுகந்தியோ?"

"ஆமாண்ணே. பாடுவாங்களாம்."

"இருபத்தாறு வருசம், தம்பி. வீட்டில ஒரு வரி பாடி நான் கேட்டதில்லை." பிறகு ஹில்டவிடம் மெதுவாக ஜெர்மனில் கேட்டார்: "என்ன பாட்டு?"

ஹில்ட கண்ணை மூடிக்கொண்டு முனகிக் காட்டினார். மெட்டு பாதியில் நின்றது, மறுபடி தொடங்கியது, வேறெங்கோ போனது. கோயிலில் கேட்டதாகவும் இருந்தது, சினிமாப் பாட்டாகவும் இருந்தது. எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. "இன்னொருக்கா" என்று அண்ணை தமிழிலேயே கேட்டார். அந்த அம்மாளுக்கு அது புரிந்தது.

அக்காவின் பங்கை அண்ணை தானே அறுத்தார். கத்தியை ஹில்ட கொடுத்தார். அண்ணை அழுதுகொண்டே அறுத்தார். முற்றியவற்றைக்கூட விடவில்லை.

பிரியும்போது, "அடுத்த வசந்தத்தில் வருவீர்களா?" என்று ஹில்ட கேட்டார். "யா" என்று அண்ணை தலையாட்டினார். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், "ஏலாது, தம்பி. இனி அந்த மனுசியே முழுக்க எடுக்கட்டும்" என்றார்.

திரும்பும் வழியில் நான் ஓட்டினேன். மடியில் கூடையுடன் அவர் அந்த மெட்டை முனகிப் பார்த்தபடி வந்தார். ஒரு இடத்தில் ஏதோ சொல் அகப்பட்டதுபோல் நிமிர்வார். பிறகு தலையை அசைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடக்கையில் நிறுத்திவிட்டார்.

"பாடுவன் எண்டு என்னட்டைச் சொல்லியிருந்தா நானும் கேட்டிருப்பன்" என்றார்.