பேப்பரில் வராத அழகி

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒருத்தரும் சோடை போகவில்லை. எழுத்துக்கூட்டி எழுதுகிறவள்தான். ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். அன்றைக்கு அந்த மேடையைப் பார்த்தவர்களில் எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கருப்பு. அருவித் தண்ணீர் வழிகிற பாறை மாதிரி மினுங்கும் கருப்பு. ஒரு சீசனில், சின்னப் பிள்ளையாக இருந்த என்னையும் கூட்டிக்கொண்டு தோழிகளோடு தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாள். அங்கே பந்தல் போட்டு அழகிப்போட்டி நடத்தினார்கள். தோழிகள் பிடித்துத் தள்ள, சித்தி ஈரத் தலையோடு மேடை ஏறிவிட்டாள். சாரல் புகைபோல இறங்கிக்கொண்டிருந்தது. அவள் நடந்தாளா மிதந்தாளா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் பரிசு எவர்சில்வர் குடம். பஸ்ஸில் அதை என் மடியில்தான் வைத்திருந்தேன்.

மறுநாள் பேப்பரில் வந்தது வேறு முகம். இரண்டாவதாக வந்த மெட்ராஸ் பெண். அவள் படத்துக்குக் கீழே 'குற்றால அழகி' என்று போட்டு, பக்கத்திலேயே மேடையேறும் பெண்களால் மானம் போகிறது என்று திட்டியும் எழுதியிருந்தார்கள். பந்தலில் கைதட்டிய எங்கள் தெருக்காரர்களே, "அந்தச் செவத்த புள்ளதாம்லே ஜெயிச்சா" என்று பேசத் தொடங்கினார்கள். சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. அவளைப் பெற்ற தாத்தாவுக்கு மட்டும் நிம்மதி. பேப்பரை மடித்துப் பத்திரப்படுத்தினார்.

சுரண்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மெல்ல இழுத்தாள். "மேடையேறின புள்ள இந்தத் தெருதான்னு சொல்லுதாவளே?"

தாத்தா பேப்பரை விரித்தார். "நீங்களே பாருங்க. இது நம்ம புள்ளையா?"

"இவ செவப்பால்லா இருக்கா!" அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

"பொய்! சித்திதான் ஜெயிச்சா!" என்று நான் கத்தினேன்.

"ஏட்டி, வாயை மூடுதியா?" என்றார் தாத்தா.

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் என் தலையைத் தடவினாள். "சின்னப்புள்ளல்லா. அவளுக்கு நான்தான் அழகி."

பிறகு உள்ளே போய் அந்தக் குடத்தையே எடுத்து வந்து எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினாள்.

"குடம் நல்லா பளபளங்குதே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"குற்றாலத்துக் குடம் அத்தை" என்றாள் சித்தி.

பயந்துபோய் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று கல்யாணம் வரை அவளோடு நான் பேசவில்லை. சீர்ப் பாத்திரமெல்லாம் பின்வண்டியில் வர, அந்தக் குடத்தை மட்டும் யார் கையிலும் கொடுக்காமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் முன்வண்டியில் ஏறினாள். அதைப் பார்த்தும் அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஏட்டி பேத்தி, இங்கன வா. இதைச் சத்தமாக வாசி. முதல் பரிசு யாருக்கு என்று எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசி.