மூக்கைப் பொத்திக் குடித்த ஒயின்

கொரோனா அடங்கி, கப்பலில் வருகிறவர்களை மறுபடியும் கரைக்கு இறங்க விட்ட வருடம் அது. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவில், கிறிஸ்மசுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது.

எங்கள் தெருவில் கிறிஸ்மசுக்கு வீட்டுக்கு வீடு திராட்சை ஒயின் போடுவோம். மழைக்கு முன்னால் கம்பம் பக்கமிருந்து வருகிற கறுப்புத் திராட்சையை வாங்கிப் பிசைந்து, சீனி போட்டு, ஜாடியில் ஊறவைத்து வடிகட்டுவோம். கடையில் விற்கிற விலை உயர்ந்த ஒயினெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் நன்றாக அமைந்த ஜாடியை அந்த வருடமே குடித்துத் தீர்க்க மாட்டோம். கல்யாணம், பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புது நன்மை என்று வருகிற விசேஷத்துக்கு எடுத்து வைப்போம். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஆற்று மணலைக் கொட்டி, ஜாடிகளைக் கழுத்துவரை புதைத்து, தினமும் தண்ணீர் தெளிப்போம். இந்த ஊர் வெக்கைக்கு வேறு வழியில்லை.

எதைக் குடிப்பது, எதை வைப்பது என்று பார்த்துச் சொல்வது என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இந்த ஞானம் அவருக்கு எப்படி வந்ததோ, ஆண்டவர் கொடுத்தது என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். தம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடி மோந்து பார்ப்பார். அப்புறம்தான் ஒரு வாய். “இது இந்த வருசத்துக்கு. இது கிடக்கட்டும்” என்பார். அவர் கிடக்கட்டும் என்ற ஜாடி புளித்துப் போனதாக யாரும் வந்து சொன்னதில்லை. அந்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் தெருவே தம்ளரோடு எங்கள் வீட்டுக்கு வரும்.

கொரோனாவில் அவருக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. உயிர் பிழைத்து வந்தது மாதா செய்த உதவி. ஆனால் போன வாசனை திரும்பவில்லை. சீலா மீன் குழம்பு வைத்தாலும் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். “எல்லாம் வெந்நி கணக்கா இருக்குளா” என்பார். யாரிடமும் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. இனி தெருவுக்குத் தான் வேண்டாதவன் என்கிற நினைப்புதான் அவரை அரித்தது. பேச்சே குறைந்துவிட்டது. நான் மாதாவிடம் அழாத நாள் இல்லை.

எதிர்வீட்டு அக்கா மகளுக்கு அடுத்து வருகிற ஈஸ்டர் முடிந்து கல்யாணம். கோயிலில் தாலி கட்டி வந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டு ஒயினை ஒரே கிண்ணத்தில் குடிப்பது எங்கள் தெரு வழக்கம். அது புளித்திருந்தால் சபை முழுக்கப் பெண் வீட்டார் முகத்தைப் பார்க்கும். அக்கா இரண்டு ஜாடி போட்டிருந்தாள். எது ஈஸ்டர் தாண்டித் தாங்கும் என்று இவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாள், “நாளைக்கு எல்லாருட்டயும் சொல்லிருதேன், இனிமே நமக்கு இது ஆகாதுன்னு” என்றார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன். குசினியில் அடுப்புப் பக்கம் வைத்து நானே முதலில் ருசி பார்த்துவிடுகிறேன். வைக்கலாம் என்றால் முந்தானையை இழுத்துச் சொருகுவேன், வேண்டாம் என்றால் இருமுவேன்.

“ஒனக்கு இனிச்சாப் போதும், எல்லாம் நல்ல ஒயின்தான்” என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். அதற்காகவாவது சரி என்று சம்மதிக்க வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சில் ஒரு வெளிநாட்டுக்காரர் தனியாக முழங்காலில் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நம்மைப் போல இல்லாமல் வலது தோளை முதலில் தொட்டுச் சிலுவை போட்டார். கப்பல்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது. தனியாக வந்தவரை அப்படியே அனுப்ப மனமில்லாமல் என் வீட்டுக்காரர் சாப்பிடக் கூட்டி வந்துவிட்டார். காலேஜில் படிக்கிற எங்கள் மகள்தான் அவருடைய அரைகுறை இங்கிலீஷை எங்களுக்குச் சொன்னாள். ஜார்ஜியா என்று ஒரு நாடாம். கப்பலில் சமையல்காரராம்.

மாடிப்படிக்குக் கீழே மணலில் புதைந்த ஜாடிகளைப் பார்த்ததும் அந்த மனுஷன் அப்படியே மண்டியிட்டு மணலைத் தொட்டார். அவர் கிராமத்திலும் வீட்டுக்கு வீடு ஒயின் போட்டு, ஜாடியை மண்ணுக்குள்தான் புதைப்பார்களாம். ஒரு நாடு தாண்டி ஒரு நாடு போயும் இதை வேறெங்கும் பார்த்ததில்லை என்றாராம். கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து, தெருவில் எல்லாருக்கும் முன்னால், எதிர்வீட்டு அக்கா ஜாடிக்கு ஒன்றாக இரண்டு தம்ளர் ஒயினோடு வந்தாள்.

“யாரு தம்பி இந்த வெள்ளைக்காரன்? தொணைக்கு ஆளு வச்சிட்டியா? ஒன் மூக்கு மேல ஒனக்கே நம்பிக்கை போச்சோ?”

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். இவர் முகம் செத்துப் போயிற்று.

வேறு கிண்ணத்தில் ஊற்றித் தருகிறேன் என்று குசினிக்குக் கொண்டுபோய் இரண்டையும் நக்கிப் பார்த்தேன். ஒன்று நல்ல மணம், தேனாக இனித்தது. இன்னொன்று பாதி பழுத்துக் காய்வெட்டான நாவல்பழம் மாதிரி வாயை இழுத்தது. இனிப்பு ஒயினை இவர் கையில் எடுத்ததும் முந்தானையைச் சொருகினேன். இவர் மோப்பது போல மோந்தார், குடித்தார், என்னைப் பார்த்தார். நான் இன்னொரு தடவை சொருகினேன். அந்தச் சமையல்காரர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு ஒயினையும் கொடுத்திருந்தோம்.

இவர் சொல்ல வாயெடுத்தபோது அந்த மனுஷன் மெதுவாக அவர் மணிக்கட்டைப் பிடித்தார். மகளிடம் ஏதோ சொன்னார்.

“அப்பா, அவங்க ஊர்ல வச்சிக் குடிக்கிற ஒயின மூக்கப் பொத்திட்டுத்தான் பாப்பாங்களாம். வாசனை இன்னைக்கு எப்படி இருக்குன்னுதான் சொல்லுமாம். கிடக்குமா கிடக்காதான்னு ஈறுதான் சொல்லுமாம்.”

மகள் சொல்லி முடித்ததும் அந்தச் சமையல்காரரே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்தார். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஈறை இப்படிப் பிடிக்க வேண்டும் என்று கையை இறுக்கி முஷ்டி பிடித்துக் காட்டினார்.

இவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார். இனிப்பு ஒயின் ஒன்றும் சொல்லவில்லை போல, வைத்துவிட்டார். அடுத்ததைக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். தாடை இறுகுவது எனக்குத் தெரிந்தது.

“பிடிக்குளா” என்றார் என்னிடம், குரலே இல்லாமல். “துவர்ப்பு ஈறப் பிடிக்கி. புளிப்பு தாடை ஓரத்துல ஓடுது.” கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா பயந்துவிட்டாள். “என்ன தம்பி, அழுவுத அளவுக்கா மோசமாப் போட்டுட்டேன்?”

“இல்லக்கா. அந்த இனிப்பு இந்தக் கிறிஸ்மசுக்கு, அதுக்கு மேல நிக்காது. இதுதான் கிடக்கணும். ஒம் மவ கல்யாணத்துக்கு இதுதான்.”

“கசாயம் குடிக்கிற பிள்ள கணக்கா மூக்கப் பொத்திக்கிட்டு, வாய இழுக்கிறதப் போயி நல்லதுங்கியே. வெள்ளைக்காரன் சொன்னான்னு எம் மவ கல்யாணத்துல வெளையாடாத.”

“அவரு சொல்லலக்கா. நான் சொல்லுதேன்.”

அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போய் ஆள் கூப்பிட்டாள். ஜாடியைத் தூக்கி வந்து எங்கள் மணலிலேயே புதைத்தார்கள். நான் சொருகிய முந்தானையை அந்தச் சமையல்காரரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் சமையல்காரர் கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்தது. தெருமுனைவரை போனோம். உங்கள் ஊரில் நிஜமாகவே அப்படித்தான் பார்ப்பார்களா என்று மகள் கேட்டாள். அவர் சிரித்தார். என் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்து, விடுகிற நேரத்தில் தன் மூக்கை ஒரு விரலால் தொட்டார். அதே விரலை உதட்டின் மேல் வைத்தார். அப்படியே போய்விட்டார். அது அவர் ஊர் வழக்கமா, இவரைக் காப்பாற்ற அந்த நிமிடம் தோன்றியதா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஈஸ்டர் வரைக்கும் எனக்கு அந்த ஜாடி நினைப்புதான். கல்யாணத்தன்று ஜாடியைத் திறந்தபோது செபமாலையைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக் குசினி வாசலில் நின்றேன். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துக் கொடுத்தார். அக்காவின் பிள்ளை ஒரு வாய் குடித்தது, யாரும் சொல்லாமலே இரண்டாவது வாயும் குடித்தது. மாப்பிள்ளையின் அம்மா எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். வாயை இழுத்த துவர்ப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நாக்கில் அவ்வளவு சாந்தமாக இருந்தது. அக்கா வந்து என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்கு வாசனை இன்னும் வரவில்லை. இதை எழுதலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். இப்போதெல்லாம் அந்த முதல் ஞாயிறு எங்கள் வீட்டில் கூடுகிற பெண்கள், ஆண்கள் எல்லாருமே, ஏதோ வெளிநாட்டு முறை என்று, மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஒயினை ருசி பார்க்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் இவரும் ஒருவராக நிற்பதைப் பார்க்கும்போது, பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத அந்தச் சமையல்காரரை ஆண்டவர் எந்தக் கடலில் இருந்தாலும் காக்க வேண்டும் என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்கிறேன். ஒருவரின் குறையைப் பார்த்துவிட்டவர், பார்த்ததைக் காட்டாமலே அவரை நிமிர்ந்து நிற்க வைக்க முடியும் என்று எனக்குக் காட்டியவர் அவர்தான்.